நினைவுமலரை விட்டு இறங்கிய யாக்கோப்பு

2002ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் யாக்கோப்பின் நினைவுமலர் செய்து முடிக்கப்பட்ட அன்று காலை, ஊர்காவற்றுறைக்கும் எழுவைதீவுக்கும் நடுவில் அவருடைய வள்ளம் வந்து நின்றது. அதன் பிறகு மூன்று ஆண்டுகள் அங்கிருந்து அசையவில்லை. வள்ளத்துக்குள் யாக்கோப்பு நின்றார். ஒரு கை வலைக்கயிற்றில், மற்றக் கை இடுப்பில். அலை வந்தால் வள்ளத்தின் கீழே புகுந்து மறுபக்கம் போனது. வள்ளம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அவரைக் கூட்டிவரப் போனவர்கள் எவ்வளவு தூரம் ஓடினாலும் அவர் அதே தூரத்தில்தான் இருந்தார். எழுவைதீவைச் சுற்றி மறுபக்கமாக வந்து பார்த்தாலும் அதே தூரம். கடற்படைக்காரரும் ஒரு நாள் விசைப்படகில் போய், வெயில் ஏறும்வரை ஓடிவிட்டு, எண்ணெய் முடிந்ததுதான் மிச்சம் என்று திரும்பிவந்தார்கள். அந்தப் பருவத்தில் திருக்கை மீன் நன்றாகப் பட்டபடியால் ஊரும் அதற்குமேல் மினக்கெடவில்லை.

அவர் காணாமற்போனது அதற்கு ஒரு மாதம் முந்தி. போர்நிறுத்த ஒப்பந்தம் எழுதப்பட்டுக் கடல்தடை தளர்ந்த ஆண்டு அது. பல வருடம் கரையோடு கிடந்த ஆட்கள் ஆழக்கடலைப் பார்க்கும் ஆசையில் போனார்கள். யாக்கோப்பும் போனார். மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். உடலும் ஒதுங்கவில்லை, வள்ளத்தின் பலகையும் ஒதுங்கவில்லை. மனைவி கத்தரீனா அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பாரிசில் இருந்த யாக்கோப்பின் தம்பி பிலிப்புவுக்குத்தான் காத்திருக்க முடியவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அவருக்கு ஒரு சிறு புத்தகம் அடித்து, பூசைக்கு வந்தவர்கள் கையில் கொடுக்க வேண்டும். முகப்பில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, பிறகு செபங்கள், கடைசிப் பக்கத்தில் நன்றி. அந்த ஆள் கட்டாயம் செத்திருக்க வேண்டும் என்று எவரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பிலிப்பு மண்டபம் பதிந்துவிட்டான், சனத்துக்குச் சொல்லிவிட்டான், மலரையும் தானே கணினியில் செய்தான். திராட்சைக் கொடியால் சட்டம் போட்டு, இரண்டு பக்கமும் மெழுகுதிரி ஏற்றி, நடுவில் அண்ணனின் படத்தை வைத்து, அழுதழுது செய்தான். அச்சுக்குப் போகிற வழியில் எவனாவது ஒரு கால்புள்ளியையாவது அசைத்துவிடுவான் என்ற பயத்தில் அதைப் பிடிஎஃப் ஆக்கிப் பூட்டினான். பிடிஎஃப் என்றால் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். எந்தக் கணினியில் திறந்தாலும் ஓர் எழுத்துக்கூட இடம் மாறாது. அந்த வேலை முடிந்த நேரமும் வள்ளம் கடலில் வந்து நின்ற நேரமும் ஒன்று என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்று வருடத்தில் ஊர் அதற்குப் பழகிப்போனது. தொழிலுக்குப் போகிறவர்கள் யாக்கோப்பை வலப்பக்கம் விட்டுப் போனால் அனலைதீவு, இடப்பக்கம் விட்டுப் போனால் எழுவைதீவு என்று குறி வைத்துக்கொண்டார்கள். சுனாமி வந்த காலையில் கரையெல்லாம் கடல் உள்வாங்கித் திரும்பியது, அந்த வள்ளம் அப்போதும் அசையவில்லை. கத்தரீனா காலையில் கட்டிக் கொடுத்த சோற்றுப்பொதியில் இருந்து இன்னமும் ஆவி போவதாக, கண் நன்றாகத் தெரிகிறவர்கள் சொன்னார்கள். அவளுக்கு அதுதான் பெரிய வேதனை. மனிசன் மூன்று வருடமாகச் சாப்பிடாமல் நிற்கிறார். கறுப்பு உடுக்கச் சொன்னவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கையை நீட்டிக் காட்டினாள். செத்த வீட்டுக்காரியாகவும் இல்லாமல், ஆம்பிளை உள்ள வீட்டுக்காரியாகவும் இல்லாமல், மீன் காயப்போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தாள்.

2005இல் நிமலினி ஊர்காவற்றுறைச் சந்தியில் ஒரு கணினிக் கடை திறந்தாள். புளியங்கூடலில் இருந்து சைக்கிளில் வந்துபோகிற பெண். வேகமாகத் தட்டெழுதுவாள், வேகமாகக் கோபிப்பாள். மூன்றாம் ஆண்டு நினைவுக்கு அதே மலரை ஊரிலும் அடித்துக் கொடுக்க வேண்டும் என்று பிலிப்பு மின்னஞ்சலில் கோப்பை அனுப்பியிருந்தான். இடையில் தனக்குக் கலியாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டதால் அந்தப் பெயர்களையும் சேர்க்கச் சொல்லியிருந்தான். நிமலினி திறந்து பார்த்தாள். கோப்பு எந்தப் பக்கத்தாலும் கை வைக்க விடவில்லை. முதல் வரியைப் பிரதி எடுத்து வேர்ட்டில் ஒட்டினாள். தமிழ் எல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகச் சிதறி விழுந்தது. அதை மறுபடி பாமினி எழுத்துருவுக்கு மாற்றி, எழுத்துகளில் தவறிப்போன கொம்புகளையும் அரவுகளையும் பொறுக்கி வைத்தாள். ‘ஊர்காவற்றுறையைப் பிறப்பிடமாகக் கொண்ட’ என்ற வரி பழைய இடத்தை விட்டுப் புதுப் பக்கத்தில் வந்து நின்றது. அந்த நேரம் கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த கத்தரீனா, வள்ளத்தின் முகப்பு தன் பக்கமாகத் திரும்புவதைக் கண்டாள்.

அவள் ஊருக்குள் ஓடி, அன்று காலை யாக்கோப்பின் பெயரை எவர் எடுத்தது என்று வீடு வீடாகக் கேட்டாள். கோவிலில் எடுக்கவில்லை, மீனவர் சங்கத்தில் எடுக்கவில்லை. கடைசியாகக் கருவாட்டு மணத்தோடு நிமலினியின் கடைக்குள் வந்து நின்றாள்.

“நிமலினி, காலமை நீர் என்ன செய்தனீர்?”

“ஒண்டும் செய்யேல்லை அக்கா. அவரின்ர மலரில முதல் வரியை வேர்ட்டுக்கு எடுத்தனான். அவ்வளவுதான்.”

“வள்ளம் திரும்பிட்டுது. இன்னொரு வரி எடுத்துப் பாரும்.”

நிமலினி எடுத்தாள். கரையில் நின்ற ஆட்கள் விசில் அடித்தது கடைவரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு அந்த வாரம் கடையில் வேறு வேலை நடக்கவில்லை. பிடிஎஃப்பில் இருந்து எடுக்கிற எழுத்து ஒவ்வொரு வரி முடிவிலும் அறுந்து விழும்; அறுந்த இடத்தை ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். ஒரு வரி பொருந்தினால் வள்ளம் கொஞ்சத் தூரம் வரும், அடுத்த அறுந்த இடத்தில் நிற்கும். பாடசாலை, ஞானஸ்நானம், முதல் வள்ளம், 1990இன் இடப்பெயர்வு, 1996இல் திரும்பி வந்து கூரையில்லாத வீட்டைக் கண்டது என்று யாக்கோப்பின் வாழ்க்கை தவணை தவணையாகக் கரைக்கு வந்தது. நன்றிப் பக்கம் முடிந்த மாலையில் வள்ளம் துறையில் முட்டியது. உள்ளே வலை இருந்தது, சோற்றுப்பொதி சூடாக இருந்தது. யாக்கோப்பு இல்லை.

அவர் கடலிலேயே நின்றார். வள்ளம் நின்ற அதே இடத்தில், நெஞ்சளவு தண்ணீரில், கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, நேரே கரையைப் பார்த்தபடி நின்றார். எழுத்தெல்லாம் வந்துவிட்டது, படம் வரவில்லை என்பதை நிமலினி உடனே விளங்கிக்கொண்டாள். பிலிப்பு படத்தையும் திராட்சைக் கொடியையும் மெழுகுதிரியையும் ஒன்றோடொன்று உருக்கி ஒரே தகடாக ஆக்கியிருந்தான். அதைப் பிரதி எடுத்தால் வேர்ட்டில் வெறும் பெட்டியும் அதற்குள் குறுக்குமறுக்காக ஒரு சிவப்புப் புள்ளடியும்தான் வந்தன. நிமலினி மூன்று நாலு வழியில் முயன்றுவிட்டு, கணினியையும் பிலிப்புவையும் சேர்த்துத் திட்டினாள்.

கத்தரீனா திட்டவில்லை. அவள் கரையில் நின்று வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாக்கோப்பின் இடத்தோளுக்குப் பக்கத்தில் தண்ணீரின்மேல் வெள்ளையாக ஏதோ கிடந்தது. நுரை என்றார்கள் சிலர், கொக்கு என்றார்கள் சிலர். அது தன்னுடைய கலியாண முக்காட்டின் ஓரம் என்று அவளுக்குத் தெரியும். யாக்கோப்புக்கு இருந்த ஒரே படம் அவர்களுடைய கலியாணப் படம்தான். மற்றதெல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டது. இது மட்டும் முன்னமே தபாலில் பாரிசுக்குப் போயிருந்தபடியால் தப்பியது. நினைவுமலருக்கு ஓர் ஆள்தான் வேண்டும் என்று பிலிப்பு பக்கத்தில் நின்றவளை வெட்டிவிட்டான். வெட்டினது சரியாக வெட்டவுமில்லை. மூன்று வருடத்தில் அவள் எவரிலும் கோபப்பட்டதில்லை. அன்று நன்றாகக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. முழுப் படமும் வராமல் மனிசன் வரமாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. நிமலினியின் கடையில் இருந்து பாரிசுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

பிலிப்பு கெட்டவன் இல்லை. அவனுக்கு அண்ணன் என்றால் உயிர். ஊருக்கு வந்து முகம் பார்க்க முடியாதவனுக்கு அந்த மலர்தான் செத்த வீடு, அந்த மண்டபம்தான் சவக்காலை. வெட்டாத கலியாணப் படத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி, மேலே எந்நேரமும் எரிகிற சிவப்புக் குமிழ் ஒன்று வைத்து, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். கத்தரீனா அந்தப் படத்தைக் கேட்டது அவனுக்குப் பிடிக்கவில்லை.

“மச்சாள், நான் அழுது முடிச்சிட்டன். பூசை குடுத்து, சனத்துக்குச் சாப்பாடு குடுத்து, எல்லாம் முடிச்சிட்டன். இப்ப அந்தப் படத்தைக் கழட்டினா அண்ணையை நான் எங்க வைக்கிறது?”

“தம்பி, நீங்கள் அழுது முடிச்சிட்டியள். நான் இன்னும் துவங்கேல்லை.”

அதோடு தொடர்பு அறுந்தது. கத்தரீனா ஒவ்வொரு நாளும் கருவாட்டைப் பரப்பிவிட்டுக் கடைக்கு வந்து, கதிரையில் இருந்து, பாரிசில் இருந்து ஏதாவது வந்ததா என்று பார்த்துவிட்டு எழும்பிப் போனாள். மழை தொடங்கியது. கடலில் நின்றவரின் கோட்டு நனைந்து காய்ந்து நனைந்தது. மார்கழியில், நத்தார்ப் பெருநாளுக்கு முந்திய கிழமை படம் வந்தது. பிலிப்பு அதைச் சுவரில் இருந்து கழற்றவில்லை. கழற்ற மனம் வராமல், மாட்டியபடியே கண்ணாடிக்கு மேலால் படம் பிடித்து அனுப்பியிருந்தான். அதனால் மாப்பிள்ளையின் நெஞ்சில், கோட்டின் இரண்டாம் பொத்தானுக்குப் பக்கத்தில், சிவப்புக் குமிழின் வெளிச்சம் விழுந்திருந்தது. பக்கத்தில் கத்தரீனா முழுதாக நின்றாள், வெட்டப்படாமல்.

நிமலினி படத்தை மலரின் தலைப்பில் வைத்தாள். படம் பெரிது. அது உள்ளே வந்ததும் எழுத்தெல்லாம் அடுத்த பக்கத்துக்குப் பாய்ந்தது, பிறகு படமே அடுத்த பக்கத்துக்குப் பாய்ந்தது. கத்தரீனா கரைக்கு ஓடிப் பார்த்தாள். கடல் வெறுமையாகக் கிடந்தது. அவள் மணலில் இருந்துவிட்டாள். மத்தியானம்போல் புளியங்கூடலில் இருந்து உதயன் என்ற ஆள் சைக்கிள் கரியரில் யாக்கோப்பை ஏற்றிக்கொண்டு வந்தான். தங்கள் வீட்டுக் குசினிக்குள் கோட்டுப் போட்ட ஒருவர் நெஞ்சுவரை ஈரமாக நின்றதாகவும், விசாரித்ததில் அவர் கத்தரீனா வீட்டுக்குப் போக வழி கேட்டதாகவும் சொன்னான். இடுப்புக்கு மேலே கலியாணக் கோட்டு, கீழே கடலுக்குப் போன அன்று கட்டியிருந்த சாரம். கத்தரீனா மூன்று வருடமாக ஆறாத சோற்றுப்பொதியை எடுத்து அவருக்கு முன்னால் அவிழ்த்து வைத்தாள். அவர் சம்பலில் உப்புக் கூட என்றார்.

அவர் திரும்பியதை ஊர் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டது. கோட்டு கழலவில்லை, அதோடேயே தொழிலுக்குப் போனார். நிமலினி பொருத்த மறந்த வரிமுடிவுகள் சில இருந்தபடியால், பேசும்போது வசனத்தின் நடுவில் நின்று, மூச்சு விட்டுப் பிறகு தொடர்ந்தார். கலியாணத்துக்கு அந்தக் கோட்டைக் கடனாகக் கொடுத்த பஸ்ரியாம்பிள்ளை ஒருமுறை வந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை இருக்கட்டும் என்று போனார். கடையில் கோப்பை மூடிவைத்த நாட்களில் மட்டும் யாக்கோப்பு பாயை விட்டு எழும்பவில்லை. ஆகையால் நிமலினி ஒவ்வொரு காலையும் கடையைத் திறந்ததும் முதலில் அவரைத் திறப்பாள்.

அதனால்தான் தொல்லை தொடங்கியது. பிடிஎஃப்பில் எதுவும் அசையாது, வேர்ட்டில் எதுவும் நிற்காது. பாரிசில் பிலிப்புவுக்கு இரண்டாம் பிள்ளை பிறந்து, நிமலினி அந்தப் பெயரைச் சேர்த்த அன்று, யாக்கோப்பு நயினாதீவில் அம்மன் கோவில் அன்னதான வரிசையில் நின்று பிடிபட்டார். அச்சு இயந்திரத்தை மாற்றியதில் பக்க அளவு மாறிய அன்று நெடுந்தீவில் குதிரைகளோடு நின்றார். கத்தரீனா வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடம் யாக்கோப்பைக் கண்டனீங்களோ என்று, கட்டு அறுத்துப்போன ஆட்டை விசாரிப்பதுபோல் விசாரித்தாள். முதலில் சிரித்தார்கள். 2006இல் ஆவணி மாதத்தோடு சண்டை மறுபடி தொடங்கிப் பாதை பூட்டி, ஊரடங்கு வந்து, பாஸ் இல்லாமல் ஓர் இறங்குதுறையில் இருந்து மற்றதுக்குப் போக முடியாமல் ஆனபோது சிரிப்பு நின்றது. யாக்கோப்பு எந்த நேரம் எந்தக் காவலரணுக்கு முன்னால் போய் முளைப்பார் என்று எவருக்கும் தெரியாது. நெஞ்சில் சிவப்பு வெளிச்சம் வேறு. மண்ணெண்ணெய் இல்லாத அந்த நாட்களில் வீட்டுக்குள் நெருப்புப்பெட்டி தேட உதவிய வெளிச்சம் அது. வெளியில் கண்டால் எவன் என்ன நினைப்பான் என்று கத்தரீனா பயந்தாள். கடலில் நின்றபோது அவருக்குச் சாவு இல்லை. இப்போது இருந்தது.

பங்குச் சுவாமியார் நல்ல மனிதர். யோசித்து ஒரு வழி சொன்னார்.

“திரும்பவும் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கோ பிள்ளை. ஓரிடத்தில நிண்டால் உயிருக்குப் பயமில்லை. நீங்களும் பாத்துக்கொண்டு இருக்கலாம்.”

“நான் மூண்டு வருசமாப் பாத்துக்கொண்டு இருந்தது காணும் சுவாமி,” என்றாள் கத்தரீனா.

சொல்லிவிட்டு வந்தாளே தவிர, அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை. மின்சாரம் விட்டுவிட்டு வந்த ஒரு முற்பகலில் நிமலினிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள். நிமலினி படத்தைப் பிடித்து இங்கும் அங்கும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகளுக்கு நடுவில் மிதக்கும்படி படத்தை மாற்றியதும், எழுத்துப் பந்தியின் ஓரத்தில் சின்னதாக ஓர் அடையாளம் தோன்றியது.

“இது என்ன, நங்கூரமோ?”

“ஓம் அக்கா. படத்தை ஒரு பந்தியில கட்டி விடுறது. அந்தப் பந்தி எங்க போனாலும் படம் அதோட போகும். அதை விட்டுத் தனியப் போகாது.”

“கட்டினாப் பிறகும் அவர் அசையலாமோ?”

“அசையலாம். அறுத்துக்கொண்டு போக ஏலாது, அவ்வளவுதான்.”

கத்தரீனா கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள். நங்கூரம் போடத் தெரியாத வீட்டில் அவள் பிறக்கவில்லை. சேற்றில் போட்டால் இழுபடும், கற்பாரில் போட்டால் சிக்கி அறும் என்று சிறுவயதில் இருந்து கேட்டு வளர்ந்தவள். நிமலினியை ஒவ்வொரு பந்தியாக வாசிக்கச் சொன்னாள். பிறந்த ஊரில் கட்டலாமா என்றால், அந்த ஊரை விட்டு ஒருமுறை எல்லோருமாகத்தான் ஓடினார்கள், அது பிடிக்காது. அன்னார் கோபம் என்பதே அறியாத சாந்த சொரூபி என்று பிலிப்பு எழுதிய பந்தியைக் கேட்டுவிட்டு, அதில் கட்டினால் அடுத்த நாளே அறும் என்றாள். பாசமிகு துணைவியார் என்று தன் பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். அந்தச் சொல் எல்லோருடைய மலரிலும் இருக்கிறது என்று அதையும் விட்டாள்.

“பிலிப்பு எழுதினதில ஒண்டும் சரிவராது. நான் ஒண்டு சொல்லுறன், அடியும்.”

அவள் சொன்னாள், நிமலினி அடித்தாள். ‘கத்தரீனா குசினியில் இருந்து கூப்பிட்டால் யாக்கோப்பு ஓம் என்பார், உடனே வரமாட்டார்.’

நிமலினி கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தாள். “இதை நினைவுமலரில போடலாமோ அக்கா?”

“இதுதான் அறாது,” என்றாள் கத்தரீனா.

நிமலினி நங்கூரத்தை இழுத்து அந்த வரியில் போட்டாள். அதற்குப் பிறகு பிலிப்பு அனுப்பிய பெயர்களும் கவிதைகளும் உள்ளே ஏறின, பக்கங்கள் கூடின, குறைந்தன, ஒருமுறை கடைக் கணினி முழுதாகப் பழுதாகிக் கோப்பு வேறொன்றுக்கு மாறியது. யாக்கோப்பு வளவுக்குள் இருந்து வெளியே போய் விழவில்லை. கத்தரீனா வேலணையில் தங்கை வீட்டில் தங்கப்போன கிழமை அவரும் அந்த வீட்டுப் பின்வளவில் இருந்தார். அங்கேயும் குசினியில் இருந்து கூப்பிட்டாள், அங்கேயும் ஓம் என்றார்.

2009 வைகாசியில் போர் முடிந்த பிறகு நிமலினியின் கடை வாசலில் சனம் நின்றது. வன்னியில் விட்டுவந்தவர்களின் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு தாய்மாரும் பெண்சாதிமாரும் தீவுகள் எல்லாவற்றிலும் இருந்து வந்தார்கள். தன்னால் என்ன முடியும், என்ன முடியாது என்று நிமலினிக்குத் தெரியாது. அதைச் சொல்லியும் அவர்கள் போகவில்லை. அவள் எவரையும் திருப்பி அனுப்பவும் இல்லை, எவருக்கும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. படத்தை வாங்கி வைத்துவிட்டு, எந்த மலரிலும் வராத ஒரு வரியைச் சொல்லச் சொன்னாள். சிலர் உடனே சொன்னார்கள். சிலர் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வந்தார்கள். சொல்லத் தொடங்கி அழுதவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் கத்தரீனா கடைக்கு வந்து இருந்தாள்.

பொழுது சாயும்போது அவள் வீட்டுக்குத் திரும்பினாள். யாக்கோப்பு கோட்டோடு வளவில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நெஞ்சு வெளிச்சத்தில் ஊசி நன்றாகத் தெரிந்தது. அவள் அடுப்பை மூட்டிக் கேத்தலை வைத்தாள். தண்ணீர் கொதித்ததும் குசினியில் இருந்து கூப்பிட்டாள்.

“ஓம்,” என்றார் யாக்கோப்பு.

அவர் உடனே வரமாட்டார் என்று தெரிந்தபடியால் அவள் தேநீரை இன்னும் ஊற்றவில்லை.